பற்றில் நிற்பவர் கடன்காரர் அல்லர்

அக்கம்பக்கத்தார் பணமில்லாமல் தங்களுக்குள் வேலைகளை மாற்றிக்கொள்ளும் உள்ளூர் நாணய முறையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. அத்தகைய ஒரு குழுவின் பேரேட்டை, அதாவது கணக்குப் புத்தகத்தை, சில ஆண்டுகள் எழுதியவன் என்பதால், இக்கேள்விகளில் பலவற்றை நேரிலேயே எதிர்கொண்டிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றைச் சேர்த்துத் தந்திருக்கிறேன்.

கேள்வி: எனக்குத் தையல் தெரியும். என் வீட்டில் குழாய் ஒழுகுகிறது. ஆனால் குழாய் பழுது பார்ப்பவருக்குத் தைக்க வேண்டிய துணி எதுவும் இல்லை. அப்படியானால் இந்த மாற்று எப்படி நடக்கும்?

பண்டமாற்று முட்டி நிற்கும் இடமே இதுதான். உள்ளூர் நாணயம் பிறந்ததும் இந்த முட்டுக்கட்டையை நீக்கத்தான். அவர் வந்து ஒழுகலை அடைத்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். குழுவின் நாணயத்தை ‘அலகு’ என்போம். பேரேட்டில் அவர் பெயரில் 3 அலகு வரவும் (அவர் பெற வேண்டியது) உங்கள் பெயரில் 3 அலகு பற்றும் (நீங்கள் ஈடு செய்ய வேண்டியது) எழுதப்படும். அடுத்த வாரம் அவருடைய மகளுக்கு ஓர் ஆசிரியை கணக்குப் பாடம் சொல்லித் தருகிறார்; அவருடைய வரவிலிருந்து 2 அலகு ஆசிரியையின் பெயருக்கு மாறுகிறது. பிறகு அந்த ஆசிரியை தம் வீட்டுத் திரைச்சீலைகளை உங்களிடம் தைக்கக் கொடுக்கிறார். அதற்கு 3 அலகு. இப்போது உங்கள் கணக்கு நேராகிவிட்டது, ஆசிரியை 1 பற்றில் இருக்கிறார், குழாய் வேலை செய்தவர் 1 வரவில் இருக்கிறார். மூவரில் எந்த இருவரும் ஒருவருக்கொருவர் நேரடியாகக் கைம்மாறு செய்யவில்லை; ஆயினும் மூன்று வீடுகளிலும் வேலை முடிந்திருக்கிறது. எந்த நாளில் கூட்டிப் பார்த்தாலும் எல்லோருடைய வரவும் பற்றும் சேர்ந்து சுழியமாகவே இருக்கும்.

1983-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், வேலையின்மை மிகுந்திருந்த கோமாக்ஸ் பள்ளத்தாக்கில் மைக்கேல் லிண்டன் என்பவர் இந்தக் கணக்கு முறையைத் தொடங்கினார். அந்த அலகுக்குப் ‘பச்சை டாலர்’ என்று பெயர். அங்கே கையில் திறமை இருந்தது, செய்வதற்கு வேலையும் இருந்தது. இரண்டையும் இணைக்கும் பணம்தான் ஊரில் இல்லை. ‘லெட்ஸ்’ (உள்ளூர்ப் பரிமாற்ற வணிக முறை) என்னும் சுருக்கப் பெயரில் பின்னர் பல நாடுகளுக்கும் பரவிய குழுக்களுக்கு இதுவே முன்மாதிரி.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் தொடர்ந்து பற்றிலேயே இருக்கிறார். பிறர் உழைப்பை வாங்கிக்கொண்டே போகிறார் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். அவரை நீக்கிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த முறையில் அலகுகளை அச்சடிக்கும் மைய வங்கி கிடையாது. யாரோ ஒருவர் துணிந்து பற்றுக்குப் போகும்போதுதான் மற்றொருவருக்கு வரவு உண்டாகிறது. எல்லோரும் வரவிலேயே இருக்க விரும்பினால் குழுவில் ஒரு அலகுகூடப் புழங்காது. ஆகவே பற்றில் நிற்பவரைக் கடன்காரர் என்று பார்ப்பது தவறு. ‘என் உழைப்பால் இதை ஈடு செய்வேன்’ என்று ஊருக்குமுன் வாக்குக் கொடுத்தவர் அவர்.

அதற்காக எல்லையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பற்றுக்கு ஓர் உச்சவரம்பு வைப்பதும், ஒவ்வொருவரின் நிலுவையையும் உறுப்பினர் எவரும் பார்க்கலாம் என்று விடுவதும் அவசியம். லிண்டனின் விதிகளிலேயே அந்த வெளிப்படைத்தன்மை உண்டு. வட்டி கிடையாது என்பதும் உண்டு. ஆனால் நீக்குவதற்கு முன்பு அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அவரை யாராவது வேலைக்கு அழைத்தார்களா? நான் பேரேடு எழுதிய குழுவில் ஒருவர் எட்டு மாதங்கள் பற்றிலேயே இருந்தார். கேட்டபோது, ‘என்னை யாரும் கூப்பிடவில்லையே’ என்றார். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ‘பொது உதவி’ என்று மட்டும் எழுதியிருந்தோம். அதைப் பார்த்து எவருக்கும் என்ன கேட்பது என்று விளங்கவில்லை. ‘மிதிவண்டி பழுது பார்ப்பார், பரண் சுத்தம் செய்வார்’ என்று மாற்றி எழுதிய பிறகு இரண்டே மாதத்தில் அவர் கணக்கு நேரானது. தவறு அவருடையதன்று, எங்களுடையது. அதை இன்றும் வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

உண்மையில் குழுக்கள் சாவது பெரும்பாலும் எதிர்ப்பக்கத்து நோயால்தான். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஏறக்குறைய 150 தம்பதியர் சேர்ந்து, ஒருவர் குழந்தையை மற்றொருவர் பார்த்துக்கொள்ளும் கூட்டுறவு ஒன்றை நடத்தினார்கள். அதில் உறுப்பினர்களாக இருந்த ஸ்வீனி தம்பதியர் அதன் கதையை 1977-இல் ஓர் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்ட நேரத்துக்குச் சீட்டு தருவது வழக்கம். பின்னால் தேவைப்படும் என்று ஒவ்வொருவரும் சீட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ள நினைத்தார்கள். எனவே சீட்டைச் செலவழித்துக் குழந்தையைப் பிறரிடம் விட்டு யாரும் வெளியே போகவில்லை; யாரும் போகாததால் சீட்டு ஈட்டவும் வழியில்லை; ஈட்ட முடியாததால் கையிலிருந்ததை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கட்டாயம் வெளியே போக வேண்டும் என்று விதி போட்டும் பார்த்தார்கள். கடைசியில் கூடுதல் சீட்டு வழங்கிய பிறகே கூட்டுறவு உயிர் பெற்றது. பிற்பாடு சீட்டு மிதமிஞ்சிப் போய் வேறு சிக்கல் வந்தது தனிக்கதை. ஆகவே உங்கள் பேரேட்டில் பற்றில் இருப்பவரைத் தேடும் அதே அக்கறையோடு, வரவைக் குவித்து வைத்துக்கொண்டு எவரிடமும் எதுவும் கேட்காமல் இருப்பவரையும் தேடுங்கள். ‘உங்களுக்கு என்ன வேலை ஆக வேண்டும்?’ என்று அவரிடம் போய்க் கேட்பது பேரேடு எழுதுபவரின் முதல் கடமை.

கேள்வி: மருத்துவரின் ஒரு மணி நேரமும் தோட்ட வேலை செய்பவரின் ஒரு மணி நேரமும் சமமா?

இதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ‘லெட்ஸ்’ குழுக்களில் கொடுப்பவரும் பெறுபவரும் பேசி விலையை முடிவு செய்துகொள்வார்கள். உழைத்த நேரத்தையே அலகாகக் கொள்ளும் நேர வங்கிகளில் எவருடைய ஒரு மணி நேரமும் ஒரு மணி நேரமே. ஜப்பானின் ஒசாகா நகரில் தெருகோ மிசுஷிமா என்ற அம்மையார் 1973-இல் இந்த இரண்டாவது வழியில் ஓர் உழைப்பு வங்கியைத் தொடங்கினார். வயதான காலத்தில் உதவி கிடைக்க, இளமையில் உழைத்த நேரத்தைச் சேர்த்து வைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

என் கருத்தைக் கேட்டால், துணைக்கு இருத்தல், கடைக்குப் போய்வருதல், பாடம் சொல்லித் தருதல் போன்றவற்றுக்கு மணிக்கு மணி என்பதே நல்லது. பேரம் இல்லை, மனத்தாங்கலும் இல்லை. ஆனால் மூலப்பொருளும் விலையுயர்ந்த கருவியும் வேண்டிய வேலைகளுக்கு அது ஒத்துவராது. பொருளுக்கு ஆன செலவை ரொக்கமாகவும் உழைப்பை அலகாகவும் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இம்முறை எங்காவது நிலைத்து நின்றிருக்கிறதா?

நின்றிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பெருமந்தத்தின்போது 1934-இல் 16 பேர் சேர்ந்து தொடங்கிய ‘விர்’ கூட்டுறவில் சிறு, நடுத்தர நிறுவனங்கள் தங்களுக்குள் விர் பிராங்க் என்ற சொந்த நாணயத்தில் வணிகம் செய்துகொள்ளத் தொடங்கின. எண்பது ஆண்டுகளைத் தாண்டியும் அந்தப் புழக்கம் நீடித்தது. ஆஸ்திரியாவின் வோர்கல் நகரில் மேயர் மைக்கேல் உன்டர்குகன்பெர்கர் 1932-இல் வெளியிட்ட நகரப் பணச்சீட்டுக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. மாதந்தோறும் அதன் மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு முத்திரை வில்லை வாங்கி ஒட்டினால்தான் சீட்டு செல்லும். அதனால் எவரும் அதைப் பதுக்கவில்லை. நகரில் தெருப்பணிகள் நடந்தன, வேலையற்றோருக்குக் கூலி கிடைத்தது. ஆயினும் நாணயம் வெளியிடும் உரிமை தனக்கே உரியது என்ற நாட்டின் மைய வங்கி 1933-இல் அதை நிறுத்திவிட்டது.

அர்ஜென்டினாவின் பாடம் வேறு. 1995-இல் பெர்னால் என்ற ஊரில் சில அண்டைவீட்டார் தொடங்கிய பண்டமாற்றுச் சங்கம், 2001–2002 பொருளாதார நெருக்கடியில் லட்சக்கணக்கானோரின் பிழைப்பாக மாறியது. ஆனால் அச்சடித்த சீட்டு அளவுமீறிப் பெருகியது, கள்ளச்சீட்டும் புகுந்தது. சீட்டை வாங்குபவர் யார், கொடுப்பவர் யார் என்று எவருக்கும் தெரியாத நிலை வந்தது. 2002-லேயே பெரும்பாலான சங்கங்கள் சரிந்துவிட்டன. சிறிய குழுவாக இருங்கள், அச்சடித்த சீட்டைவிடப் பேரேட்டை நம்புங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: வரி கட்ட வேண்டுமா?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். தொழிலாகச் செய்யும் வேலையை அலகுக்குச் செய்தால் அதையும் வருமானமாகக் கொள்ளும் நாடுகள் உண்டு; அமெரிக்கா அவற்றுள் ஒன்று. உங்கள் தொழில் எதுவோ அதையே குழுவிலும் செய்வதாக இருந்தால், தொடங்குமுன் ஒரு கணக்காயரைக் கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 74 வயது. முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியாது. குழுவில் சேரும்படி மகள் சொல்கிறாள். வாங்க மட்டுமே முடிந்த நான் அங்கே போய் என்ன செய்ய?

அம்மா, நேர வங்கியை அமெரிக்காவில் வளர்த்தெடுத்த எட்கர் கான் என்ற வழக்கறிஞர் இந்த வேதனையிலிருந்துதான் தொடங்கினார். 1980-இல் மாரடைப்பு வந்து மருத்துவமனையில் படுத்திருந்தபோது, எல்லோரும் தமக்குச் செய்ய, தம்மால் எவருக்கும் பயனில்லையே என்ற எண்ணம் அவரை வாட்டியது. பயனற்றவர் என்று ஒதுக்கப்படுவோரின் நேரத்துக்கும் மதிப்பு உண்டாக்க வேண்டும் என்ற சிந்தனை அங்கேதான் அவருக்கு எழுந்தது.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஓர் இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. விண்ணப்பம் எழுதத் தெரியாமல் திண்டாடுவோர் எந்தக் குழுவிலும் பத்துப் பேராவது இருப்பார்கள். வேலைக்குப் போகும் தம்பதியருக்கு, பழுது பார்ப்பவர் வரும் நேரத்தில் தம் வீட்டில் உட்கார்ந்திருந்து கதவைத் திறந்துவிட ஓர் ஆள் வேண்டும். தனியாக இருப்பவர்களுக்குக் காலையில் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்க ஒரு குரல் வேண்டும். இவை ஒன்றுக்கும் மாடிப்படி ஏற வேண்டியதில்லை. மகளிடம் சொல்லி, பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ‘பொது உதவி’ என்று மட்டும் எழுத விடாதீர்கள்.