ஒப்புக்கொண்ட பிறகும் ஏன் செல்லாது?

வணக்கம். குற்றவியல் சட்டச் சீர்திருத்தம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். விசாரணையின்போதே வக்கீல் இருக்க வேண்டும், விசாரணை முழுக்கப் பதிவாக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். குற்றம் செய்தவனே வாய்விட்டு ஒப்புக்கொண்ட பிறகும், போலீசிடம் சொன்னது செல்லாது என்று சட்டம் ஏன் சொல்கிறது? செய்யாத கொலையைச் செய்தேன் என்று யாராவது சொல்வார்களா? அடித்தால்தான் உண்மை வரும் என்று போலீசில் இருக்கும் என் உறவினர் சொல்கிறார். கொலையுண்டவரின் குடும்பத்துக்கு மனித உரிமை கிடையாதா?
- ஆர்.

அன்புள்ள ஆர்.,

செய்யாத கொலையைச் செய்தேன் என்று சொல்லியிருக்கிறார்கள். ஜப்பானில் 1966-ல் ஷிசுவோகா பகுதியில் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய மிசோ ஆலையில் வேலை பார்த்த இவாவோ ஹகமடா கைதானார். சுமார் இருபது நாள், நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக அவரை விசாரித்தார்கள். ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் மறுத்தார். அவர் பேரில் எழுதப்பட்ட 45 வாக்குமூலங்களில் 44-ஐ நீதிமன்றமே ஒதுக்கிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றை ஏற்றுக்கொண்டு 1968-ல் மரண தண்டனை விதித்தது. அந்த அமர்வின் மூன்று நீதிபதிகளில் ஒருவரான நொரிமிச்சி குமமோட்டோ, ஹகமடா நிரபராதி என்றுதான் அப்போதே நினைத்ததாக 2007-ல் வெளிப்படையாகச் சொன்னார். மறுவிசாரணையில் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது 2024 செப்டம்பரில். ஹகமடாவுக்கு அப்போது வயது 88.

போலீசிடம் ஒப்புக்கொண்டதைச் சாட்சியமாக்கக் கூடாது என்ற தடை நம் சட்டத்தில் கருணையால் வந்ததில்லை. சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் சித்திரவதை நடக்கிறதா என்று ஆராய்ந்த குழு, நடக்கிறது என்று 1855-ல் அறிக்கை கொடுத்தது. அடி எங்கே விழுகிறது என்று ஆட்சி செய்தவர்களுக்கே நன்றாகத் தெரியும். 1872-ன் சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவு வந்தது இந்தப் பின்னணியில்தான்.

அந்தக் கதவை 1987-ல் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் திறந்துவிட்டது. எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் செல்லும் என்றது. ராஜீவ் காந்தி கொலையில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன் வழக்கு உங்களுக்குத் தெரியும். பேட்டரி வாங்கிக் கொடுத்ததை அவர் ஒப்புக்கொண்டதாக வாக்குமூலம் சொன்னது. அது எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதையும், அந்த வரியைச் சேர்க்காமல் விட்டதையும் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜனே 2013-ல் வெளியில் சொன்னார். விடுபட்டது ஒரே ஒரு வரி. ஆனால் 1999-ல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை உறுதி செய்தபோது அந்த வரி கோப்பில் இல்லை. உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2022 மே மாதம். ஆகவே பிரச்சினை அடி மட்டும் இல்லை. மூடிய அறையில் ஒருவர் சொல்வதை, அவரைத் தண்டிக்க முனைந்திருக்கும் தரப்பே எழுதுகிறது. எதை எழுதலாம், எதை விடலாம் என்று தீர்மானிப்பதும் அதே தரப்புதான்.

சரி, செல்லாது என்றிருந்தும் லாக்கப்பில் ஏன் அடிக்கிறார்கள்? பழைய 27-வது பிரிவைப் பாருங்கள். கைதானவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைப் பற்றிய பகுதி மட்டும் சாட்சியமாகும். புதிய சாட்சியச் சட்டத்திலும் 23-வது பிரிவில் இது அப்படியே இருக்கிறது. அதனால் வாக்குமூலத்துக்காக விழாத அடி, கத்தியையும் நகையையும் 'எடுத்துக் கொடுக்க' விழுகிறது. கைப்பற்றியதாக ஒரு மகஜர், இரண்டு சாட்சிக் கையெழுத்து. பொருள் உண்மையிலேயே அங்கே கிடைத்ததா, போலீசே கொண்டுபோய் வைத்ததா என்று பல வருடம் கழித்து நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருக்கிறது. அடியால் வழக்குக்கு லாபம் இருக்கிறவரை அடி நிற்காது. சீர்திருத்தம் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம், கொலையுண்டவரின் குடும்பம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 1989 ஏப்ரலில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். கைதான ஐந்து சிறுவர்களுக்கும் 14 முதல் 16 வயதுதான். நான்கு பேர் கேமரா முன் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முந்தைய பல மணி நேர விசாரணையைக் கேமரா பதிவு செய்யவில்லை. உண்மையான குற்றவாளி வெளியே சுற்றினான், ஜூன் மாதம் வேறொரு பெண்ணைக் கொன்றான். 2002-ல் அவனே ஒப்புக்கொண்டு, மரபணுச் சோதனையும் பொருந்திய பிறகுதான் அந்த ஐந்து பேரின் தண்டனை ரத்தானது. ஜூனில் கொல்லப்பட்ட அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? பொய் வாக்குமூலம் கிடைத்த அன்றே தேடுவது நின்றுவிடுகிறது. நியாயம் கேட்டு நிற்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய துரோகம் எனக்குத் தெரியவில்லை.

அடிக்காமல் போலீஸ் வேலை நடக்காது என்கிறார் உங்கள் உறவினர். இங்கிலாந்தில் 1984-ல் வந்த சட்டம், வாக்குமூலம் கொடுமையால் பெறப்படவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை அரசுத் தரப்பிடம் கொடுத்தது. கைதானவரின் நலனுக்கு, அந்த வழக்கை விசாரிக்காத வேறொரு அதிகாரியைப் பொறுப்பாக்கியது. அங்கே போலீஸ் வேலை ஒன்றும் நின்றுபோகவில்லை. இங்கே சாத்தான்குளத்தில் 2020-ல் தந்தையும் மகனும் இறந்தபோது, ஸ்டேஷன் கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக விசாரித்த மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். அதே வருடம் டிசம்பரில், எல்லா ஸ்டேஷன்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கேமராவை அணைத்துவிடலாம். காயத்தை அப்படி மறைக்க முடியாது. காவலில் இருந்தவர் உடம்பில் காயம் இருந்தால் அதற்குப் போலீசே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் எனச் சாட்சியச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி சட்ட ஆணையம் 1985-லேயே பரிந்துரைத்தது. 2023-ல் சட்டத்தையே புதிதாக எழுதியபோதும் அதைச் சேர்க்கவில்லை. உங்கள் தொகுதி எம்.பி.க்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதுவதானால், இந்த ஒன்றைக் கேட்டு எழுதுங்கள்.