குடியை விட மன உறுதி மட்டும் போதுமா?

மன உறுதி இருந்தால் குடியை விட்டுவிடலாமே, அதை ஏன் நோய் என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் குடும்பமும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தது. அந்த நினைப்பால் என் சித்தப்பாவை இழக்க இருந்தோம்.

சித்தப்பா கொத்தனார். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தினமும் குடித்தவர். சித்தியின் கம்மல் அடகுக் கடைக்குப் போவதும் மீள்வதுமாகவே இருந்தது. வாசலில் அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே, அன்றிரவு வீடு எப்படியிருக்கும் என்று அவர் மகள் சொல்லிவிடுவாள். ஒருநாள் பெரியவர்கள் கூடி, அவரைக் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, கயிறு கட்டி, இனித் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கினார்கள்.

சத்தியத்தை அவர் காப்பாற்றினார். மறுநாள் காலையில் டம்ளரை இரு கைகளாலும் பிடித்தும் பாதி காபி வேட்டியில் சிந்தியது. அன்றிரவு வலிப்பு வந்தது; கையில் இரும்புச் சாவியைத் திணித்தோம், அடங்கியதும் தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் இரவு, போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சித்தியின் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். அங்கே ஓர் எறும்பும் இல்லை. பேய் பிடித்திருக்கிறது என்று பக்கத்து வீட்டார் வேப்பிலை கொண்டுவந்த பிறகுதான் 108-ஐ அழைத்தோம்.

மருத்துவர் விளக்கியது இன்றும் நினைவிருக்கிறது. மது மூளையின் வேகத்தைக் குறைப்பது. ஆண்டுக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்டத் தன்னைத் தானே முடுக்கிவைத்துக்கொண்டு இயங்கப் பழகிவிடுகிறது. மதுவைத் திடீரென நிறுத்தினால் அந்த முடுக்கம் மட்டும் கட்டுப்பாடின்றி மிஞ்சி, நடுக்கமாகவும் வலிப்பாகவும், இரண்டு மூன்று நாட்களில் சித்தப் பிரமையாகவும் வெளிப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். நரம்புகளைத் தணிக்கும் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தார்கள். தயமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாகப் போட்டார்கள், அது குறைந்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம் என்பதால்.

குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். சித்தப்பாவின் பேச்சு விடிந்த பின்னும் நின்றது; உடம்புதான் தாங்கவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டபோது, தமிழ்நாட்டில் வார்னிஷையும் சவர லோஷனையும் குடித்து இறந்தவர்கள் உண்டு. அவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. கடையைத் திறப்பதா மூடுவதா என்று நாம் பல காலமாக வாதிடுகிறோம். கடை மூடிய மறுநாள் கை நடுங்கும் மனிதர் எங்கே போவார் என்பதைப் பேசுவது மிகக் குறைவு. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதைப் பொருள்களால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்பதற்குள் சேர்த்திருக்கிறது. வீடுகளில் அவை இன்னமும் மானப் பிரச்சினையாகவே மறைக்கப்படுகின்றன.

சித்தப்பா அதன் பிறகும் இருமுறை குடிக்கத் தொடங்கினார், இருமுறையும் சிகிச்சைக்குத் திரும்பினார். மன உறுதி தேவைப்பட்டது அந்தத் திரும்புதலுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் தினமும் குடிப்பவர் யாரேனும் நாளையே நிறுத்துகிறேன் என்றால், முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழி கேட்கலாம். தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்ற மூன்றையும் கூச்சப்படாமல், குறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.