ஜூலியட் ரோமியோவைத் தேடவில்லை

கேள்வி: என் மகள் பி.ஏ. ஆங்கிலம் முதலாண்டு. ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் ‘வேர்ஃபோர் ஆர்ட் தவ் ரோமியோ’ என்று ஜூலியட் சொல்வதற்கு, அவள் வாங்கிய கைடில் ‘ரோமியோ, நீ எங்கே இருக்கிறாய்?’ என்று பொருள் போட்டிருக்கிறது. ஆசிரியை அது தவறு என்கிறார். தேர்வில் எதை எழுதுவது?

பதில்: ஆசிரியை சொன்னதையே எழுதட்டும். கைடைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள்.

‘வேர்’ என்றால் எங்கே. சரி. ஆனால் ‘வேர்ஃபோர்’ என்றால் எதற்காக, ஏன். நம் எதற்காக–அதற்காக மாதிரி அங்கே வேர்ஃபோர்–தேர்ஃபோர். பின்னது இன்றும் புழங்குகிறது, முன்னது பழம் புத்தகங்களோடு நின்றுவிட்டது. இவ்வளவு இலக்கணம் போதும்.

‘நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்?’ என்பதுதான் ஜூலியட்டின் கேள்வி. பகையாளி மான்டேகியூ வீட்டுப் பிள்ளையாக ஏன் பிறந்து தொலைத்தாய் என்கிற ஆதங்கம். அடுத்த வரியிலேயே ‘உன் அப்பாவை மறுத்துவிடு, பெயரை விட்டுவிடு’ என்கிறாள். ஆளைத் தேடுகிறவள் பெயரை விடச் சொல்வாளா? அவன் கீழே தோட்டத்து இருட்டில் நிற்பதே அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், கைடு எழுதியவருக்கும் தெரியும். அதனால்தான் ‘எங்கே’ பொருத்தமாகப் பட்டிருக்கிறது. இதே நாடகத்தின் முதல் காட்சியில் ரோமியோவின் அம்மா மகன் எங்கே என்று நிஜமாகவே கேட்கிறார். அங்கே வருவது வெறும் ‘வேர்’.

இந்தக் கைடுகாரர்கள் ‘தவ்’வுக்குப் பிறகு ஒரு காற்புள்ளியையும் சொருகி, அவனைக் கூப்பிடுவது போல ஆக்கிவிடுவார்கள். அட்டையை மாற்றி ‘திருத்திய பதிப்பு’ என்று விற்பார்கள். திருத்தியது விலை மட்டும்தான்.

ஒரு விலக்கு உண்டு. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் (ஆங்கில மொழிபெயர்ப்பு) ‘வேர்ஃபோர்’ ‘ஆகையால்’ என்ற பொருளிலும் வரும். மத்தேயு 14:31இல், தண்ணீரில் அமிழ்ந்த பேதுருவிடம் இயேசு ஏன் சந்தேகப்பட்டாய் என்கிறார். அது கேள்வி, எனவே ‘ஏன்’. அதே மத்தேயு 7:20இல், கனிகளைக் கொண்டு அவர்களை அறிவீர்கள் என்று முடிவு சொல்கிறார். அங்கே கேள்வி இல்லை, எனவே ‘ஆதலால்’. சந்தேகம் வந்தால் வாக்கிய முடிவில் கேள்விக்குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் ‘எங்கே’ இல்லை.

அப்புறம், விடையில் அந்த ‘பெயரை விட்டுவிடு’ வரியையும் மேற்கோள் காட்டட்டும், அது பாதுகாப்பு. நான் திருத்தப் போன ஒரு முகாமில் விடைக்குறிப்பிலேயே ‘எங்கே’ என்றுதான் இருந்தது. சண்டை போட்டேன். ‘குறிப்பில் இருப்பதைப் பார்த்து மார்க் போடுங்க சார், கட்டு நிறைய இருக்கு’ என்றார்கள்.