நின்றுவிடுவதா, நிறுத்திவைப்பதா?

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 24. ஈரோடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கணவர் வீட்டில் இருக்கிறேன். பி.எஸ்சி. கணிதம் முடித்தபின் இரண்டு ஆண்டுகள் வீட்டில் சும்மா இருந்துவிட்டு, திருமணத்துக்குப் பிறகு போன செப்டம்பரில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எட். சேர்ந்தேன். கணவர் மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான், முதலாண்டுக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டியவரும் அவர்தான்.

இப்போது எனக்கு ஐந்தாம் மாதம். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பிரசவம் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரண்டாம் பருவத் தேர்வு இந்த ஜூன் மாதக் கடைசியில் நடக்கிறது. ஆகஸ்டில் மூன்றாம் பருவம் தொடங்கும். தொடங்கியவுடன் 16 வாரங்கள் ஏதேனும் ஒரு பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்குப் போக வேண்டும்.

நான்காம் மாதம் முடியும்வரை கல்லூரியில் யாரிடமும் சொல்லவில்லை. யூனிஃபார்ம் சேலையின் கொசுவத்தை மேலேற்றிக் கட்டி மறைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பு மூன்றாம் மாடியில், கழிப்பறை கீழ்த்தளத்தில். ஏறி இறங்குவதைத் தவிர்க்கக் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். ஒருநாள் மைக்ரோ டீச்சிங் வகுப்பில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டதால் விஷயம் வெளியே வந்தது. மறுநாள் முதல்வர் அறைக்கு அழைத்தார்கள். அவர் திட்டவில்லை, கனிவாகத்தான் பேசினார். “உங்களுக்கு எதுக்கும்மா இந்தச் சிரமம்? டிஸ்கன்டினியூ லெட்டர் எழுதிக் கொடுத்துட்டு, டி.சி.யை வாங்கிக்கிட்டுப் போங்க. அப்புறம் வேணும்னா புதுசா சேர்ந்துக்கலாம்” என்றார். அந்தக் கனிவுதான் என்னை அதிகம் உடைத்தது. எதிர்த்துப் பேச ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டில் அத்தைக்கு இதில் நிம்மதி. “படிச்சதெல்லாம் போதும் கண்ணு, புள்ளையப் பெத்து எடுத்துக்கிட்டு வீட்டோட இரு” என்கிறார். கணவர் நேர் எதிர். ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற பழங்குடிப் பெண், குழந்தை பிறந்து இரண்டே நாளில் சென்னைக்கு வந்து உரிமையியல் நீதிபதி தேர்வு எழுதி வென்ற செய்தியைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, “அந்தப் பிள்ளையால் முடிந்தது உன்னால் முடியாதா?” என்று கேட்கிறார். ஊக்கப்படுத்தத்தான் கேட்கிறார் என்று தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் தேர்வில் தோற்றவளைப் போல உணர்கிறேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். சில இரவுகளில் வயிற்றிலிருக்கும் குழந்தையின் மேல் கோபம் வருகிறது. ‘ஒரு வருடம் கழித்து வந்திருக்கக் கூடாதா?’ என்று நினைக்கிறேன். உடனே பயந்து, வயிற்றைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறேன். ‘குழந்தைப் பருவமும் வளர்தலும்’ என்ற பாடத்துக்குப் பகலில் குறிப்பு எழுதுகிறவள் இரவில் இப்படி நினைக்கலாமா? நான் சுயநலக்காரியா? அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடட்டுமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன் ஒன்று. தண்ணீர் குடிக்காமல் இருப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கர்ப்ப காலத்தில் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும், கவனிக்காமல் விட்டால் குறைமாதப் பிரசவத்தில்கூடக் கொண்டுபோய் விடக்கூடும். அன்றைய தலைச்சுற்றலுக்குத் தண்ணீர் இல்லாததே காரணமாக இருக்கலாம், இரத்தசோகையும் காரணமாக இருக்கலாம். அடுத்த பரிசோதனையில் அதைச் சொல்லி இரத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொல்லுங்கள். தேர்வுவரை மீதமிருக்கும் நாட்களுக்கு உங்கள் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். ஒரு கல்லூரி செய்யக்கூடிய உதவிகளில் பணமே செலவாகாத உதவி அது.

கையெழுத்துப் போடாதீர்கள். முதல்வர் கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் உங்கள் முன் வைத்தது ஒரே ஒரு கதவு, அது வெளியே போகும் கதவு. படிப்பை விட்டு நின்றுவிடுவதும், ஒரு பருவத்தை நிறுத்திவைத்துவிட்டுத் திரும்பி வருவதும் வேறு வேறு. முதலாவதில் கட்டிய கட்டணமும் எழுதிய தேர்வுகளும் கணக்கிலிருந்து போய், மறுபடியும் முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டிவரும். இரண்டாவதற்கு ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ என்று கல்லூரி அலுவலகங்களில் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

உங்கள் கணவர் சொல்வதுபோல் விடுப்பே எடுக்காமல் முடிக்க முடியாதா என்ற கேள்வியையும் உணர்ச்சியை ஒதுக்கிவைத்துக் கணக்காகவே பார்ப்போம், நீங்கள் கணிதம் படித்தவர். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள், பி.எட். படிப்பில் பாட வகுப்புகளுக்கு 80 சதவீதமும் பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் வருகை கேட்கின்றன. 16 வாரம், வாரத்துக்கு 5 நாள் என்று வைத்தால் 80 நாள். அதில் 72 நாள் நீங்கள் வகுப்பறையில் நின்றாக வேண்டும், எட்டு நாள்தான் தவறலாம். ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து எண்ணினால் பதினோராம் வாரத்தையொட்டிப் பிரசவம் வருகிறது. பிரசவத்தையும் பச்சை உடம்பையும் எட்டு நாளுக்குள் அடக்கச் சொல்வது எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ளாத காரியம்.

ஸ்ரீபதியின் சாதனை பெரியது, அதில் எனக்கு ஐயமில்லை. அவர் தேர்வுக்கு வர முடிந்ததற்கு உடன் நின்ற குடும்பமும் காரணம். ஆனால் அது ஒரு தேர்வுக்கான பயணம், உங்கள் முன்னிருப்பது 72 நாள் வருகை. இந்த இரண்டையும் உங்கள் கணவர் ஒன்றாக்கிப் பார்க்கிறார். பிரசவப் படுக்கையிலிருந்து எழுந்து வந்து தேர்வெழுதும் பெண்ணை நாம் கைதட்டிப் பாராட்டுகிறோம். அந்தத் தேதியை அவளுக்காகக் கொஞ்சம் தள்ளிவைக்க ஏன் ஒரு வழி இல்லை என்று கேட்க மறந்துவிடுகிறோம். இந்தப் பாராட்டு மனப்பான்மையின் மீது எனக்கு நெடுநாளாகவே ஒரு வருத்தம் உண்டு.

சட்டத்தின் நிலை என்ன என்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், முதல்வர் அறையில் பேச்சற்றுப் போனதற்கு அது தெரியாததும் ஒரு காரணம். மகப்பேறு பயன் சட்டம் 1961இல் வந்தது, 2017 திருத்தத்தில் விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது, ஆனால் அந்த விடுப்பு ஊதியத்துக்கு வேலை செய்யும் பெண்களுக்கானது. முனைவர் பட்ட ஆய்வு மாணவியருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் ஆய்வுக் காலம் முழுமைக்குமாக 240 நாள் வரை மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்புக்கு இடம் தருகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் இளநிலை, முதுநிலை, பி.எட். மாணவியர்தான் நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்தார்கள். மானியக் குழு 2021 டிசம்பர் 14 அன்று எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் எழுதி, மாணவியருக்கு மகப்பேறு விடுப்பு விதிகளை வகுக்குமாறும், வருகைப் பதிவிலும் தேர்வு விண்ணப்பத் தேதியிலும் தளர்வு தருமாறும் கேட்டுக்கொண்டது. கேரளம் 2023 ஜனவரியில் 18 வயது நிறைந்த மாணவியருக்கு 60 நாள் வரை விடுப்பு என்று அரசாணையாகவே போட்டது.

உங்கள் நிலைமைக்கு மிக நெருங்கி வருவது 2023 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. மீரட்டில் எம்.எட். படித்த மாணவி ஒருவருக்கு அவருடைய பல்கலைக்கழகம் மகப்பேறு விடுப்புக்கு விதியில்லை என்று மறுத்திருந்தது. உயர்கல்வி உரிமை, தாயாகும் உரிமை ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு பெண்ணை நிர்ப்பந்திக்க முடியாது என்று சொன்ன நீதிமன்றம், 59 நாள் விடுப்பைக் கணக்கில் சேர்த்து, அதன்பின் பாட வகுப்பு வருகை 80 சதவீதத்தை எட்டினால் அவரைத் தேர்வெழுத விட வேண்டும் என்றது. இதை உங்கள் விண்ணப்பத்தில் மேற்கோள் காட்டலாம். அதே சமயம் அது டெல்லி நீதிமன்றத்தின் தீர்ப்பு, தமிழ்நாட்டில் எடுத்துக்காட்டாக மதிக்கப்படுமே தவிரக் கட்டுப்படுத்தாது. அது பேசியதும் பாட வகுப்பு வருகையைப் பற்றி, பள்ளிப் பயிற்சியின் 90 சதவீதத்தைப் பற்றி அல்ல. ஆகவே அதை நம்பி ஆகஸ்டில் பயிற்சிக்குப் போய்ப் பாதியில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். ஜூன் மாதத் தேர்வை எழுதி முதலாண்டை அரியர் இல்லாமல் முடித்துவிடுவேன். ஐந்தாம் மாதத்தில், வேறு சிக்கல் எதுவும் இல்லை என்று மருத்துவர் சொன்னால், அதற்குத் தடையில்லை. பிறகு மூன்றாம் பருவத்தை அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்கு ஒத்திவைக்கும்படி, பிரசவ தேதி குறிப்பிட்ட மருத்துவச் சான்றோடு, முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு விண்ணப்பிப்பேன். பி.எட். படிப்பைச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் முடிக்க அதே 2014 விதிமுறைகள் இடம் தருகின்றன. நீங்கள் செப்டம்பரில் சேர்ந்தவர் என்பதால் ஓராண்டு தள்ளிப்போனாலும் கணக்கு இடிக்காது. ஆனால் இரண்டாவது இடைவெளிக்கு இடம் இருக்காது, இதைக் கணவரும் நீங்களும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சியை இரண்டாகப் பிரித்துப் பாதியைப் பிரசவத்துக்கு முன்பும் மீதியைப் பின்பும் முடிக்க அனுமதிப்பார்களா என்றும் அதே விண்ணப்பத்தில் கேட்டுப் பார்க்கலாம். கேட்பதில் நட்டமில்லை. கிடைத்தாலும் உடம்பு ஒத்துழைத்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி இரவில் வரும் கோபம். உங்கள் கடிதத்தில் நான் மிகுந்த மரியாதையோடு படித்த பகுதி அதுதான். விரும்பிக் காத்திருந்து கருவுற்ற பெண்களும் என் முன் உட்கார்ந்து இதே வாக்கியத்தைத் தலை குனிந்து சொல்லியிருக்கிறார்கள். வேண்டும் என்பதும் இப்போது வேண்டாம் என்பதும் ஒரே மனதில் ஒரே இரவில் இருக்க முடியும். உங்கள் கோபம் உண்மையில் கால அட்டவணையின் மேல். அதைத் திட்ட முடியாததால், அருகில் இருக்கும், திருப்பிப் பேசாத ஒன்றின் மேல் அது இறங்குகிறது. நான்கு மாதம் கொசுவத்தை ஏற்றிக் கட்டி மறைத்ததும் இதில் சேரும். மறைக்கப்படும் எந்த விஷயமும் நாளடைவில் குற்றம் போலத் தோன்ற ஆரம்பித்துவிடும். நீங்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை. பி.எட். பாடத்திட்டத்தில் ‘பாலினம், பள்ளி, சமூகம்’ என்றே ஒரு தாள் இருக்கிறது. அதை நடத்தும் கல்லூரியில் ஒரு மாணவி கர்ப்பத்தை ஒளித்துவைக்க நேர்ந்தது என்றால் வெட்கப்பட வேண்டியவர் யார் என்று அந்தத் தாளுக்கே ஒரு கேள்வியாக வைக்கலாம்.

ஆயினும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பற்றில்லாமை, குழந்தைக்கோ உங்களுக்கோ தீங்கு செய்துவிடுவோமோ என்ற எண்ணம் ஆகியவை வந்தால், அதை ‘மசக்கை’ என்றோ ‘பிள்ளை பெற்ற அலுப்பு’ என்றோ யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதமும் பிரசவித்தோரில் 19.8 சதவீதமும் மனநலச் சிக்கலுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, உள்ளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரிதான நோய் அன்று, சிகிச்சையும் உண்டு. மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவு நேரமாக இருந்தால் 14416 என்ற அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

அத்தையைப் பற்றி நீங்கள் இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அடுத்த ஆகஸ்டில் உங்கள் படிப்பு நடப்பதும் நடக்காததும் பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது. “போதும் கண்ணு” என்பதில் படிப்பின் மேல் உள்ள வெறுப்பைவிட, அறுபதை நெருங்கும் வயதில் கைக்குழந்தையைப் பகலெல்லாம் தனியாகப் பார்க்க வேண்டிவருமே என்ற அச்சம் இருக்கலாம். அவர் வயதை நான் ஊகித்துத்தான் சொல்கிறேன். படிப்பைத் தொடரட்டுமா என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே மறுப்பார்கள். நாளையும் நேரத்தையும் குறித்துக் கேளுங்கள்: அடுத்த ஆகஸ்டில் குழந்தைக்குப் பத்து மாதம் ஆகியிருக்கும், தாய்ப்பாலோடு வீட்டுச் சாப்பாடும் சாப்பிடும், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, வாரம் ஐந்து நாள், பயிற்சி முடியும் 16 வாரம் மிகவும் கடினம், அதன்பின் கொஞ்சம் இலகுவாகும். அந்த 16 வாரத்தில் உங்கள் அம்மாவும் பாதி நாள் வந்து இருக்க முடியுமா என்று வளைகாப்புக்கு இரு வீட்டாரும் கூடும்போது பேசிவிடலாம். பயிற்சிக்கு வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள பள்ளியை ஒதுக்கித் தரும்படி கல்லூரியிடம் இப்போதே கேட்டு வைக்கலாம்.

கணவரிடம் ஸ்ரீபதி செய்தியை இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதற்குப் பதில் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். மண்டியில் கணக்கு எழுதுகிறவர், கடிதம் எழுதவும் படிவம் நிரப்பவும் தெரிந்தவர். விண்ணப்பத்தை அவர் தட்டச்சு செய்துவரட்டும். முதல்வர் அறைக்கு அவரும் உடன் வரட்டும். அங்கே முதல்வர் மறுபடியும் கனிவாகப் பேசினால் நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “ஐயா, நான் நிற்கவில்லை, அடுத்த ஆகஸ்டில் வருகிறேன்.” வாய்ப்பேச்சோடு விட்டுவிடாமல், விண்ணப்பத்தின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் அலுவலக முத்திரையும் வாங்கி, உங்கள் பிரசவக் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) பதிவாளருக்கும் ஒரு படி அனுப்பிவிடுங்கள்.