வயசு பிரச்சினை இல்லை தம்பி, விசாதான்

தம்பி, திருவொற்றியூரிலிருந்து டெக்சாஸ் வந்து ஆறு மாசம் ஆச்சு, கம்ப்யூட்டர் வேலை கசந்துபோச்சு, 31 வயதில் டாக்டருக்குப் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கேட்ட வாடகை, கார் இன்சூரன்ஸ் எல்லாம் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லிவிடுவார். படிப்பைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

வயசை விடுங்கள். முப்பதைத் தாண்டிச் சேர்ந்தவள்தான் நானும். உங்களை மறிக்கப்போவது விசா. எச்1பி வேலை விசாவில் இருக்கிறவரை மெடிக்கல் காலேஜ் கணக்கில் நீங்கள் வெளிநாட்டு மாணவர். பெரும்பாலான காலேஜ்கள் விண்ணப்பத்தையே எடுக்காது. எடுக்கிற சிலதும் நாலு வருஷ ஃபீஸை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்டச் சொல்லும். கிரீன் கார்டு இல்லையென்றால் அரசாங்கக் கல்விக் கடனும் கிடையாது. அதனால் வேலையை விட்டுவிட்டு விண்ணப்பம் போடலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

நம்மூர் பி.இ.யை வைத்துக்கொண்டு மட்டும் உள்ளே போக முடியாது. பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் எல்லாம் லேபோடு இங்கே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். நான் வேலை முடிந்து பனியில் பஸ் பிடித்து கம்யூனிட்டி காலேஜுக்குப் போனேன். முதல் நாள் ஆர்கானிக் லேபில் பக்கத்துப் பையன் என்னை டீச்சர் என்று நினைத்து, லேப் கோட்டை எங்கே மாட்டுவது என்று கேட்டான். காட்டிக் கொடுத்தேன். மெடிக்கல் காலேஜ் நுழைவுத் தேர்வான எம்கேட் அதற்கப்புறம்தான். ஏழரை மணி நேரப் பரீட்சை, மார்க் 472இலிருந்து 528 வரை. விண்ணப்பம் போட்டு வகுப்பில் உட்கார ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அப்புறம் நாலு வருஷம், அதற்கும் மேல் ரெசிடென்சி, அதாவது ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர் வேலை, மூன்றிலிருந்து ஏழு வருஷம்.

இங்கே சில தமிழர்கள், "கரீபியன் தீவில் ஈசியா சீட் வாங்கலாமே" என்பார்கள். சேர்வது ஈசிதான். ஆனால் இங்கே எம்.டி. (நம்மூர் எம்.பி.பி.எஸ். மாதிரி) முடிப்பவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ரெசிடென்சி இடம் வாங்கிவிடுகிறார்கள். வெளியே படித்துவிட்டு வரும் அமெரிக்கர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வெறுங்கையோடு நிற்கிறார். சொல்கிறவர் யாரும் தன் பிள்ளையை அங்கே அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை. பொங்கல் விழாவில் "மெட்ராஸ்ல எங்கே?" என்று கேட்டு, ராயபுரம் என்றதும் "ஓ, அந்தப் பக்கமா" என்று சாம்பார் வாளிப் பக்கம் திரும்பிக்கொள்கிறவர்களும் இவர்களேதான். டாக்டர் பின்னால் நின்று அவர் வேலை செய்வதைக் கவனிக்க அனுமதி கேட்டபோது நம்மூர் டாக்டர்கள் "எதுக்கும்மா இந்த வயசுல" என்றார்கள். சேர்த்துக்கொண்டவர் ஒரு நைஜீரிய டாக்டர்.

"ஏன் மெடிசின்?" என்று இன்டர்வியூவில் கேட்பார்கள். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகாதீர்கள். நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். ஹார்பரில் மூட்டை தூக்கியவர். விடியற்காலையில் கல்மண்டபத்திலிருந்து அவரை ஸ்டான்லிக்கு நடத்திக் கூட்டிப்போய் ஓ.பி. சீட்டுக்கு நிற்போம். பாட்டி கடைசி வரை அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வாள். ஒரு பயிற்சி டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துவிட்டு, "பெரியவரே, ஒரு நாளைக்கு எத்தனை பீடி?" என்றார். "எண்ணலியேம்மா" என்றார் அப்பா. அந்தம்மா சிரித்துவிட்டு, அவர் பக்கத்திலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். இதைக் கேட்ட வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு பீடி மேல் ஆர்வம் வந்துவிட்டது. இலையை எப்படிச் சுற்றி நூல் கட்டுவார்கள் என்று கையால் காட்டியதிலேயே பாதி நேரம் போய்விட்டது. சீட் கிடைத்ததும் அந்தக் காலேஜில்தான்.