வசந்த காலத் தொடக்கத்தில் வானிலை எப்படி இருக்கும்? கேள்வி பதில்

குளிர்காலம் தெளிவாக உணரப்படும் மித வெப்ப மண்டலப் பகுதிகளை மனத்தில் கொண்டே இந்தப் பதில்களை எழுதியுள்ளேன். மாதங்கள் வட அரைக்கோளத்துக்கு உரியவை. தென் அரைக்கோளத்தில் இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வசந்த காலம் மார்ச் 1 அன்று தொடங்குகிறது என்கிறார்கள், மார்ச் 20 என்றும் சொல்கிறார்கள். எது சரி, ஐயா?

பதில்: இரண்டும் சரியே. சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும் மார்ச் 20-ஐ ஒட்டிய நாளை வானியலார் தொடக்கமாகக் கொள்கிறார்கள். வானிலை ஆய்வாளர்களோ வெப்பநிலையின் ஆண்டுப் போக்கைப் பின்பற்றுகிறார்கள். முழு மாதங்களாக இருந்தால் ஓராண்டை மற்றோராண்டோடு ஒப்பிடுவது எளிது என்பதால் மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்றையும் வசந்த காலமாகக் கொள்கிறார்கள்.

கேள்வி: மார்ச் மாதத்தில் வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது. ஆனாலும் குளிர் விட்டபாடில்லை. ஏன்?

பதில்: மார்ச் 20 அன்று நண்பகலில் சூரியன் எந்த உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அதே உயரத்தில்தான் செப்டம்பர் 22 அன்றும் நிற்கிறது, பகலின் நீளமும் ஒன்றே. இருந்தும் செப்டம்பர் இதமாக இருக்கிறது, மார்ச் நடுங்க வைக்கிறது. செப்டம்பரில் நிலமும் கடலும் கோடை முழுவதும் சேர்த்து வைத்த வெப்பத்தை வெளியிடுகின்றன. மார்ச்சிலோ வருகிற வெப்பம் முதலில் குளிர்காலத்தின் பாக்கியைத் தீர்க்கச் செலவாகிறது. புதிதாகப் பெய்த வெண்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. மிஞ்சுவதைக் கொண்டு ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிராம் நீரை ஏறத்தாழ 80 டிகிரி சூடாக்கப் போதுமானது. பனி உருகி முடியும்வரை காற்றின் வெப்பநிலை பெரிதாக ஏறாததற்கு இதுவே காரணம்.

கடல் இன்னும் மெதுவானது. பல கடல்களின் மேற்பரப்பு மிகவும் குளிர்ந்திருப்பது டிசம்பரில் அன்று, பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும்தான். அதனால் உள்நாட்டில் இதமான வெயில் அடிக்கும் நாளிலேயே, கடற்காற்று வீசத் தொடங்கியதும் கரையோர ஊர்களில் சில நிமிடங்களுக்குள் பல டிகிரி குறைந்துவிடும். ஈரமான வெப்பக் காற்று குளிர்ந்த கடலின் மேல் நகர்ந்தால் அடர்ந்த மூடுபனியும் உண்டாகும்.

கேள்வி: காலையில் வெயில், மதியம் ஆலங்கட்டி, மாலையில் மறுபடியும் வெயில். ஒரே நாளில் இப்படி மாறுவது ஏன்?

பதில்: நிலம் வெயிலில் சூடேறும்போதும் மேலே உள்ள காற்று குளிர்காலக் குளிரிலேயே இருக்கிறது. கீழே வெப்பமும் மேலே கடுங்குளிரும் இருந்தால் காற்று வேகமாக மேலெழும்பும். காலை தெளிவாக இருக்கும். முற்பகலில் சிறு திரள் மேகங்கள் தோன்றும். பிற்பகலில் அவை கோபுரமாக வளரும். மேகத்தின் உச்சியைக் கவனியுங்கள். காலிஃபிளவர் போல ஓரங்கள் கூர்மையாகத் தெரியும்வரை அது நீர்த்துளி மேகம். ஓரங்கள் மங்கி இழை இழையாகப் பிரியத் தொடங்கினால் உள்ளே பனிப்படிகங்கள் உருவாகிவிட்டன, மழை நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். அப்போது விழுபவை பெரும்பாலும் உண்மையான ஆலங்கட்டி அல்ல. விரலால் நசுக்கினால் பொடியாகும் வெள்ளை உருண்டைகள். காற்றின் வெப்பநிலை 0 டிகிரியாகக் குறையும் உயரமான உறைநிலை மட்டம் தாழ்வாக இருப்பதால் அவை உருகாமல் தரையை அடைகின்றன.

கேள்வி: இரவு வெப்பநிலை 3 டிகிரி என்று முன்னறிவிப்பு சொன்னது. காலையில் செடிகளின் மேல் உறைபனி. முன்னறிவிப்பு தவறா?

பதில்: தவறில்லை. வெப்பமானியைத் தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், நிழற்கூட்டுக்குள் வைத்து அளக்கிறார்கள். மேகமில்லாத, காற்று அசையாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்துகொண்டே இருக்கும். புல்லின் மேற்பரப்பு அந்த அளவை விட நான்கைந்து டிகிரி தாழ்ந்துவிடக்கூடும். ஆகவே இந்தப் பருவத்தில் முன்னறிவிப்பில் முதலில் பார்க்க வேண்டியது பகலின் உச்சம் அன்று, இரவின் குறைந்த அளவு என்பதே என் உறுதியான கருத்து. வானம் தெளிவு, காற்று அமைதி, அளவு 4 டிகிரி அல்லது அதற்கும் கீழ் என்றால் உறைபனியை எதிர்பாருங்கள். செடிகளை மூடுவதானால் பொழுது சாய்வதற்கு முன்பே, துணி தரையைத் தொடும்படி மூடுங்கள். காக்கப் போவது மண்ணிலிருந்து எழும் வெப்பத்தைத்தான். ஈர மண் உலர்ந்த மண்ணை விட அதிக வெப்பத்தைச் சேர்த்து வைக்கும். முழுதாக மலர்ந்த ஆப்பிள் பூக்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு -2.2 டிகிரியில் கருகும், -3.9 டிகிரியில் பத்தில் ஒன்பது பங்கு கருகும். இரண்டுக்கும் இடையே இரண்டு டிகிரி கூட இல்லை.

கேள்வி: பிப்ரவரி இறுதியில் ஒரு வாரம் நல்ல வெப்பம் நிலவினால் குளிர்காலம் முடிந்துவிட்டதாகக் கொள்ளலாமா?

பதில்: கூடாது. 2012 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகனில் கோடை போன்ற வெப்பம் நிலவி மரங்கள் முன்கூட்டியே மொட்டு விட்டன. ஏப்ரலில் வந்த உறைபனியில் அம்மாநில ஆப்பிள் விளைச்சலில் சுமார் 90 விழுக்காடு அழிந்தது. 2021-இல் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களும் இப்படியே பாதிக்கப்பட்டன. குளிர் திரும்பி வர இன்னொரு காரணமும் உண்டு. துருவப் பகுதிக்கு மேலே, ஸ்ட்ரேட்டோஸ்பியர் எனும் வளிமண்டல மேலடுக்கில் குளிர்காலம் முழுவதும் சுழலும் காற்று சில ஆண்டுகளில் திடீரெனக் குலைகிறது. அதன் விளைவான குளிர் தரைமட்டத்தை எட்ட ஓரிரு வாரங்கள் ஆகும். 2018 பிப்ரவரி நடுவில் அது குலைந்தது. அம்மாத இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் ஐரோப்பா கடுங்குளிரில் உறைந்தது.

கேள்வி: வெள்ளம் வர வாய்ப்பு உண்டா?

பதில்: உண்டு. தேங்கிய வெண்பனியின் மேல் வெதுவெதுப்பான மழை பெய்வதும், அடிமண் உறைந்திருப்பதால் நீர் உள்ளிறங்க முடியாமல் போவதும் சேர்ந்து வந்தால் ஆறுகள் வேகமாகப் பெருகும். உடைந்த பனிப்பாளங்கள் ஆற்றின் குறுகிய வளைவில் அடைத்துக்கொண்டால், மழையே இல்லாமலும் கரை உடையலாம்.

கேள்வி: மூன்று மாதத்துக்கான பருவ முன்னறிவிப்பை நம்பித் திட்டமிடலாமா?

பதில்: அது எதைச் சொல்கிறது என்று புரிந்துகொண்டு பயன்படுத்தலாம். வழக்கத்தை விட வெப்பம், வழக்கமான நிலை, வழக்கத்தை விடக் குளிர் என மூன்று வாய்ப்புகளும் இயல்பில் சமமாக, சுமார் 33 விழுக்காடாக இருக்கும். “வெப்பமாக இருக்க 45 விழுக்காடு வாய்ப்பு” என்றால் தராசு சற்றே சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் உறைபனி விழும் நாளைத் தேட முடியாது. விதைப்புக்கும் பயணத்துக்கும் ஐந்து முதல் ஏழு நாள் முன்னறிவிப்பே துணை.

கேள்வி: வசந்தம் முன்பை விடச் சீக்கிரம் வருகிறதா?

பதில்: பல இடங்களில் ஆம். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மலர்ச்சி பற்றிய குறிப்புகள் 1200 ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிச் செல்கின்றன. 2021-இல் மார்ச் 26 அன்றே பூக்கள் முழுமையாக மலர்ந்தன. அந்தக் குறிப்புகளில் அதுவரை அவ்வளவு முன்னதாக மலர்ந்ததே இல்லை. ஆனால் மரங்கள் முந்திக்கொள்ளும் வேகத்தில் கடைசி உறைபனியும் எல்லா இடங்களிலும் முந்துவதில்லை. எனவே வெப்பமான மார்ச் அமைந்த ஆண்டுகளில்தான் ஏப்ரல் இரவுகளைக் கூடுதல் கவனத்தோடு பார்த்து வர வேண்டியிருக்கிறது.