பிரனேசி பற்றிக் கேளுங்கள்

இத்தாலியச் செப்புத் தட்டு ஓவியர் ஜோவான்னி பத்திஸ்தா பிரனேசி (1720–1778) குறித்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். செம்பு, அமிலம், மை, ரோம் நகரின் இடிபாடுகள் என எதையும் கேட்கலாம். விலை மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: பெயரையே இன்றுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர்?

பதில்: வெனிஸுக்கு அருகே பிறந்தவர். தந்தை கல்தச்சர். தாய்மாமன் மத்தேயோ லுக்கேசி வெனிஸின் நீர்ப்பணித் துறையில் பொறியாளர். கட்டடக்கலையின் அரிச்சுவடி அவரிடம்தான். 1740இல் போப்பிடம் சென்ற வெனிஸ் தூதரின் குழுவில் வரைவாளராக ரோமுக்குப் போனார். அங்கே ஜுசெப்பே வாசியிடம் தட்டு வேலை கற்றுக்கொண்டார், சண்டையும் போட்டார். தட்டுகளில் தம்மை 'வெனிஸ் கட்டடக் கலைஞர்' என்று குறித்துக்கொண்ட இவர், கட்டடம் என்று செய்து முடித்தது ரோமின் அவென்டைன் குன்றில் மால்டா வீரர் சபை என்ற கத்தோலிக்க அமைப்புக்காக 1764–66இல் புதுப்பித்த தேவாலயத்தைத்தான். அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: பழைய பொருள் கடையில் வாங்கிய ரோம் படத்தின் அடியில் பிரனேசி பெயர் இருக்கிறது. அசலா?

பதில்: அவர் இறந்த பிறகும் தட்டுகள் வேலை செய்துகொண்டே இருந்தன. மகன் பிரான்செஸ்கோ அவற்றைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். 1830களில் அங்கே மறுபடி அச்சிட்டார்கள். 1839இல் போப் அரசு விலைக்கு வாங்கி ரோமுக்கு மீட்டுவந்தது. பிறகும் அச்சு ஓடியது. எனவே 'அவர் தட்டில் அச்சானது' வேறு, 'அவர் இருந்தபோது அச்சானது' வேறு. தட்டில் உள்ள பெயரும் ஆண்டும் காகிதத்தின் வயதைச் சொல்லாது. உருப்பெருக்கியில் பாருங்கள். புள்ளிகள் தெரிந்தால் நவீன அச்சு, கதை முடிந்தது. கோடுகள் தெரிந்தால், படத்தைச் சுற்றித் தட்டு அழுந்திய பள்ளம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, காகிதம் செய்தவர் அதற்குள் பதித்த நீர்க்குறியைத் தேடுங்கள். சட்டத்தில் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். தட்டின் பள்ளம் இருப்பது அந்த ஓரத்தில்தான்.

கேள்வி: நான் ஓவிய மாணவி. அந்த அடர்ந்த கறுப்பை எப்படிக் கொண்டுவந்தார்?

பதில்: இப்படி நாலு கேள்வி வந்தால் போதும். செப்புத் தட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சு. அதை ஊசியால் கீறினால் அந்த இடத்தில் செம்பு தெரியும். தட்டை அமிலத்துக்குக் கொடுத்தால் கீறிய கோட்டை மட்டும் அரிக்கும். நேரம் கூடக்கூடக் கோடு ஆழமாகும். ஆழமான கோடு அதிக மை பிடிக்கும்.

பிரனேசியின் கெட்டிக்காரத்தனம் அமிலத்தை நிறுத்துவதில் இருக்கிறது. மேகமும் தொலைவுக் குன்றும் சற்றே அரிபட்டதும் அந்தப் பகுதியை வார்னிஷ் பூசி மூடிவிடுவார். பிறகு மறுபடி அமிலம். நடுவில் உள்ள சுவர் போதும் என்றால் அதற்கும் மூடி; மறுபடி அமிலம். முன்னால் நிற்கும் தூண்தான் கடைசிவரை அரிபடும். ஒரே தட்டில் வெயிலும் நிலவறை இருட்டும் சேர்ந்து நிற்பது அதனால்தான். தேவைப்பட்ட இடத்தில் உளியாலும் செதுக்குவார். அச்சில் இடம் வலமாகும் என்பதால், தட்டில் எல்லாவற்றையும், எழுத்துகள் உட்பட, இடவலம் மாற்றிச் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: மார்க்அந்தோனியோ ரைமொண்டி பற்றிச் சொல்லுங்களேன்.

பதில்: இரண்டு நூற்றாண்டு முந்தியவர், அமிலமில்லாமல் செம்பில் உளியால் செதுக்கியவர். அதற்கு வேறு ஆள் பாருங்கள்.

கேள்வி: என் தாத்தா வைத்திருந்த படம். கீழே 1756 என்று இருக்கிறது. அப்படியானால் அசல்தானே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். ஆண்டை நம்பாதீர்கள்.

கேள்வி: கற்பனைச் சிறைக்கூடங்களைக் காட்டும் 'சிறைகள்' படவரிசையைக் காய்ச்சல் பிதற்றலில் வரைந்தாராமே?

பதில்: இந்தக் கதையைக் கேட்டாலே எனக்குக் காய்ச்சல் வருகிறது. பிரனேசி இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1821இல் ஆங்கில எழுத்தாளர் டி குவின்சி எழுதியது அது. அவர் அந்தப் படங்களைப் பார்த்ததுகூட இல்லை. கவிஞர் கோல்ரிட்ஜ் வாயால் கேட்டதை எழுதினார். படத்தில் பிரனேசியே படியேறிக்கொண்டிருப்பதாகவும் எழுதினார். அப்படி ஒரு படம் கிடையாது.

நடந்தது இதுதான். 1750ஐ ஒட்டி 14 தட்டுகள் வந்தன. மூலைவாட்டில் விரியும் பிரம்மாண்ட உட்புறங்கள் அன்றைய இத்தாலிய நாடக மேடைக்குப் பழக்கமானவை; மேடை வடிவமைப்பாளர்களான பிபியேனா குடும்பத்தார் அதில் பேர்போனவர்கள். 1761இல் அதே தட்டுகளை மறுபடி எடுத்து, கறுப்பைக் கூட்டி, படிகளும் பாலங்களும் சங்கிலிகளும் சேர்த்து, புதிதாக இரண்டு தட்டுகளோடு 16ஆக வெளியிட்டார். பத்தாண்டு கழித்துப் பழைய தட்டைத் திருத்தி அமிலத்தில் இறக்கும் ஆள் பிதற்றுகிறாரா, கணக்குப் போட்டு வேலை செய்கிறாரா?

கேள்வி: நான் கட்டுமானப் பொறியாளர். கணக்குப் போட்டவர் என்கிறீர்கள்; ரோம் படங்களில் மனிதர்கள் எறும்பளவு, கட்டடங்கள் மலையளவு. நேரில் பார்த்தால் ஏமாற்றம். இது பொய்யில்லையா?

பதில்: ஜெர்மன் கவிஞர் கோதே உங்கள் கட்சி. பிரனேசியின் படங்களைப் பார்த்துவிட்டுப் போனவருக்கு, பழைய ரோமின் கரகல்லா பொதுக் குளியல் மண்டபத்தின் இடிபாடு நேரில் நிறைவு தரவில்லை. ஆனால் 1756இல் வந்த 'ரோமத் தொன்மைகள்' நான்கு தொகுதிகளையும் புரட்டுங்கள். தரைப்படம், வெட்டுத்தோற்றம், கல் இணைப்பு, எண்ணிட்ட விளக்கம், பளிங்கில் வெட்டிய பழைய நகர வரைபடத்தின் துண்டுகள். பொய்யர் இவ்வளவு உழைக்க மாட்டார்.

மறுமொழி (அதே பொறியாளர்): ரோமப் பேரரசர் ஹாட்ரியன் கல்லறையின் அடித்தளப் படத்தையும் பாருங்கள். அந்த ராட்சதக் கல் அடுக்குகளை அவர் எங்கே பார்த்தார்?

பதில்: எங்கும் பார்க்கவில்லை. அந்தத் தட்டில் நீங்கள் சொல்வது சரி. மண்ணுக்கு அடியில் இருப்பதைத் தம் ரோமப் பெருமைக்கு ஏற்ப ஊகித்தார்.

மறுமொழி (ஓர் ஓவிய ஆசிரியை): ஊகத்தை ஊகம் என்று சொல்லாமல் அளவு வரைபடத்தின் பக்கத்தில் வைத்தால், வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?

பதில்: தெரியாது. அதுதான் அவர் வியாபாரம். வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வந்த கனவான்கள். ஊருக்குக் கொண்டுபோக அவர்களுக்குப் பெரிய ரோம் வேண்டியிருந்தது. இருந்தாலும் அளவெடுத்ததையும் ஊகித்ததையும் ஒரே கூடையில் போட்டு 'பொய்' என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதைப் பற்றி மட்டும் இன்னும் பதினைந்து மறுமொழிகள் வந்திருக்கின்றன. போதும்.

கேள்வி: புரவலர்கள் இருந்தார்களா?

பதில்: 'ரோமத் தொன்மைகள்' நூலுக்கு அயர்லாந்துப் பிரபு சார்ல்மான்ட் உதவுவதாகச் சொன்னார். ஒரு தொகுதியாகத் தொடங்கியது நான்காக வளர்ந்தது; பணம் வளரவில்லை. பிரனேசி தட்டில் இருந்த பிரபுவின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, 1757இல் இந்தத் தகராறு பற்றிய கடிதங்களை அச்சிட்டு ஊரறிய மானத்தை வாங்கினார்.

கேள்வி: என் படம் அசலா என்று எப்படி...

பதில்: மேலே.

கேள்வி: கிரேக்கத்தைவிட ரோம் உயர்ந்தது என்று வாதாடியவர், கடைசியில் கிரேக்கக் கோயில்களை வரைந்தது ஏன்?

பதில்: 1761இல் ரோமின் பெருமை பற்றித் தனி நூலே எழுதினார். 1764இல் பாரிஸிலிருந்து கலை அறிஞர் மரியெத் மறுத்தார். அடுத்த ஆண்டே பிரனேசி பதிலடி கொடுத்தார். ஆனால் அவர் வரைந்த பெஸ்தும் ஊரின் கிரேக்கக் கோயில்கள் இருப்பது இத்தாலிய மண்ணில். கண்ணெதிரே நிற்கும் அந்தக் குட்டையான, கனத்த தூண்களை எந்த வாதத்துக்காகவும் அவர் விட்டுவிடத் தயாராக இல்லை. நோயாளியாக இருந்தபடியே வரைந்தார். 1778 நவம்பரில் இறந்தார். தட்டுகளை பிரான்செஸ்கோ முடித்தார். அந்தக் கைவரைவுகளில் 15 லண்டனில் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.